சென்னையிலிருந்து எத்தனை மணி நேரம்? தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுதல்

சென்னை விமான நிலையத்திலிருந்து கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. இரண்டுமே 2,930 கிலோமீட்டரை ஒட்டி வரும்; பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் முன்பின். காலை 10 மணிக்குச் சென்னையிலிருந்து இந்த இரண்டு ஊர்களுக்கும் தனித்தனி விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் பயணச்சீட்டில் இறங்கும் நேரம் மாலை 4.45 என்று அச்சாகியிருக்கும். துபாய் சீட்டில் பகல் 12.45 என்றிருக்கும். சீட்டை மட்டும் பார்ப்பவர் துபாய் மூன்று மணி நேரத்துக்குள், சிங்கப்பூர் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று எண்ணிக்கொள்வார். தூரத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டு ஊரிலும் வரவேற்க வருபவர்களை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிடுவார். இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரமோ இரண்டிலும் நாலே கால் மணி நேரத்தை ஒட்டியதுதான்.

ஆக, ஒரு பயணத்துக்கு நான்கு எண்கள் உண்டு: இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம், விமானத்தில் கழியும் நேரம், இரண்டு ஊர்க் கடிகாரங்கள் காட்டும் நேரம், வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை ஆகும் நேரம். பயணத் திட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதால்தான். கிலோமீட்டர் இந்த வரிசையின் முதல் எண். அதிலிருந்து நேராக நான்காவதற்குத் தாவ முடியாது. இந்த அத்தியாயம் நான்கையும் வரிசையாகக் கணக்கிடக் கற்றுத்தரும். கைபேசியில் உள்ள கால்குலேட்டரும், கையில் ஒரு தாளும், விமானத்தின் கால அட்டவணையும் போதும்.

தூரம்: முதல் எண்

சாலைத் தூரம், ரயில் தூரம், வான் தூரம் மூன்றும் வெவ்வேறு. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் ஓடும் தூரம் 2,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வான்வழியோ ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர்தான். கைபேசி வரைபடத்தில் ஊர் பெயரைத் தட்டினால் வருவது சாலைத் தூரம். அதை வைத்து விமான நேரத்தைக் கணக்கிட்டால் அரை மணி நேரம் கூடுதலாகத்தான் வரும். வான் தூரத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது:

1. ஊர்களை எடுக்காதீர்கள், விமான நிலையங்களை எடுங்கள். ஒவ்வொன்றின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசமத்தில் குறியுங்கள். சென்னை: வடக்கு 13.0, கிழக்கு 80.2. சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.4, கிழக்கு 104.0.
2. தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி போடுங்கள். சிட்னி, ஜோகன்னஸ்பர்க், லண்டன் ஹீத்ரோ போன்றவற்றுக்கு இது தேவைப்படும்.
3. அட்சரேகை வித்தியாசத்தை 111-ஆல் பெருக்குங்கள். 11.6 × 111 = 1,288 கிலோமீட்டர். இது வடக்கு தெற்காகக் கடக்கும் தூரம்.
4. தீர்க்கரேகை வித்தியாசத்தை 111-ஆல் பெருக்கி, அதை இரண்டு அட்சரேகைகளின் சராசரிக்கான கோசைன் மதிப்பால் மறுபடியும் பெருக்குங்கள். 23.8 × 111 = 2,642. சராசரி அட்சரேகை 7.2, அதன் கோசைன் 0.992. கிடைப்பது 2,621 கிலோமீட்டர். இது கிழக்கு மேற்காகக் கடக்கும் தூரம்.
5. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். விடை 2,920 கிலோமீட்டர்.

துபாய்க்கு வடக்கு 25.3, கிழக்கு 55.4 என்று வைத்து இதே ஐந்து படிகளைச் செய்து பாருங்கள். 2,937 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் நான்காம் படியில்தான் பிழை இருக்கும். கால்குலேட்டர் கோணத்தை டிகிரியில் எடுக்கிறதா, ரேடியனில் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோசைன் 60 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் அமைப்பை மாற்றுங்கள். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கும். இந்தியாவுக்குள் உள்ள ஊருக்கு 68-க்கும் 98-க்கும் இடைப்பட்ட எண் எதுவோ அதுதான் தீர்க்கரேகை என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது.

இந்தக் கணக்கு பூமியைத் தட்டையாக வைத்துக்கொள்கிறதே, அது தவறல்லவா என்று கேட்கலாம். தவறுதான்; ஆனால் எங்கே, எவ்வளவு தவறு என்று தெரிந்தால் பயமின்றிப் பயன்படுத்தலாம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வரும் பிழை பத்துக் கிலோமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. லண்டனுக்கு இதே முறையில் போட்டால் 8,700 கிலோமீட்டரை ஒட்டி வரும். உண்மையான தூரம் ஏறத்தாழ 8,230. கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர் பிசகுகிறது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை. தட்டை வரைபடத்தில் அது துருவப் பக்கம் வளைந்து தெரியும். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலும், பூமத்தியரேகையிலிருந்து தள்ளியும் போகப் போக வளைவைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. அப்படிப்பட்ட ஊர்களுக்குப் பெருவட்டத் தூரத்தைக் காட்டும் இணையக் கருவி எதையாவது பயன்படுத்துங்கள். அல்லது ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து அளந்து, உருண்டையின் முழுச் சுற்றளவை 40,000 கிலோமீட்டராக வைத்து விகிதம் போடுங்கள்.

குறிப்பு: அலகைப் பாருங்கள். விமானிகளும் விமானத் துறை இணையதளங்களும் கடல் மைலில் பேசுவார்கள்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் தூரம் 1,577 என்றும் 1,815 என்றும் இரண்டு தளங்களில் பார்த்தால் இரண்டும் சரிதான். முன்னது கடல் மைல், பின்னது தரை மைல்.

தூரத்தை நேரமாக்குதல்

இதற்கு எளிய விதி ஒன்று போதும். ஜெட் விமானம் என்றால் தூரத்தை 830-ஆல் வகுத்து, வரும் மணி நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள். 830 என்பது ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் ஓடும் வேகத்தை ஒட்டியது. அந்த 40 நிமிடம் தூரத்தைச் சார்ந்ததல்ல: நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளுவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவான வேகத்தில் ஏறுவது, இறங்கும்போது சுற்றி வளைந்து வருவது, மறுபடியும் தரையில் ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூருக்குப் போட்டால் 3 மணி 31 நிமிடம், கூட 40, ஆக 4 மணி 11 நிமிடம். டெல்லிக்கு 2 மணி 47 நிமிடம். கொழும்பு ஏறத்தாழ 650 கிலோமீட்டர். 47 நிமிடத்தோடு 40 சேர்ந்து 1 மணி 27 நிமிடம். அட்டவணைகளில் நீங்கள் பார்க்கும் எண்கள் இவற்றைச் சுற்றியேதான் இருக்கும்.

குறைந்த தூரத்தில் இந்த நிலையான 40 நிமிடமே பயணத்தின் பாதியாகிவிடுகிறது. அதனால்தான் தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை. சென்னையிலிருந்து பலாலி, அதாவது யாழ்ப்பாணம் விமான நிலையம், வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்பின் தூரத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பறப்பது ஏடிஆர் 72 என்னும் சுழலி விமானம். அது ஜெட்டின் வேகத்தில் ஓடாது. மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம், தரைவேலைக்கு அரை மணி, ஆக ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டி வருகிறது. கொழும்புக்கு ஆகும் நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே குறைவு. பயணச்சீட்டில் விமானத்தின் வகையைப் பார்க்காமல் கிலோமீட்டரை மட்டும் பார்த்தவர் யாழ்ப்பாணத்தில் அரை மணி நேரம் முன்னதாகவே வண்டியை வரவழைத்துவிடுவார். ஏடிஆர் என்று இருந்தால் 500-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். ஏ350, போயிங் 787, 777 போன்ற அகல உடல் விமானம் நீண்ட தூரம் போவதென்றால் 900-ஆல் வகுக்கலாம்.

அகல உடல் விமானத்துக்கு 900 என்றால், 8,230 கிலோமீட்டர் லண்டனுக்கு 9 மணி 49 நிமிடம்தானே வரவேண்டும், அட்டவணை ஏன் மேற்கு நோக்கிப் போகும்போது பத்தரை மணிக்கும் மேல் காட்டுகிறது என்று கணக்குப் போட்டவர் கேட்பார். நியாயமான கேள்வி. விடை அடுத்த பகுதியில் இருக்கிறது: விமானம் பெருவட்டப் பாதையில் அச்சாகப் போவதில்லை, அது நகரும் காற்றும் அசையாமல் நிற்பதில்லை. நீண்ட தூரத்துக்கு 900-ஆல் வகுத்து வருவது அடிமட்ட எண். 830-ஆல் வகுத்து வருவது நடைமுறைக்கு நெருங்கிய எண். இரண்டையும் போட்டு இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

காற்றும் மூடிய வானமும்

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளிலும் குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலும், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வலுவாக வீசும். கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளும். மேற்கே போவதைத் தடுக்கும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு உச்ச உதாரணம்: 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பூமத்தியரேகையை ஒட்டிய சென்னை–சிங்கப்பூர் பாதையில் இந்த வேறுபாடு சிறியது. டெல்லிக்கும் அதற்கு வடக்கேயும் போகப் போகப் பெரிதாகும்.

தூரம் குறைந்தால் நேரம் குறையும் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான சான்று 2016-இல் கிடைத்தது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா, அந்த ஆண்டு அக்டோபரில் பசிபிக் வழியாகக் கிழக்கே திருப்பிப் பறக்கவிட்டது. பாதை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீண்டு 15,300 கிலோமீட்டர் ஆனது. ஆனால் பின்காற்று கிடைத்ததால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். விமான நிறுவனம் கணக்குப் பார்ப்பது நேரத்தையும் எரிபொருளையும்தான், கிலோமீட்டரை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

அரசியலும் பாதையை வளைக்கும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்கள் பதின்மூன்று மணி நேரம் வரை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகும் ஏர் இந்தியா விமானங்கள் நீண்டு, சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போயின. பெருவட்டத் தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. நேரம் மட்டும் மாறியது. சென்னை–துபாய் பாதை தீபகற்பத்தைக் கடந்து அரபிக்கடல் மேல் போவதால் அந்தத் தடை அதைப் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூனில் ஈரான்–இஸ்ரேல் சண்டையின்போது வளைகுடா வானமும் கலங்கியது; 23-ஆம் தேதி கத்தார் சில மணி நேரம் தன் வான்வெளியை மூடியது. வளைகுடா வழியாக மாறிப் போகும் பயணச்சீட்டு வைத்திருப்பவர் இப்படிப்பட்ட நாட்களில் பழைய நேரத்தை நம்பக்கூடாது.

உங்கள் கணக்கை உண்மையோடு ஒப்பிட:

1. விமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற கண்காணிப்புத் தளத்தில் அந்த எண்ணின் கடந்த ஒரு வாரப் பதிவைப் பாருங்கள்.
3. அட்டவணை நேரத்தையும் உண்மையில் இறங்கிய நேரத்தையும் அருகருகே எழுதுங்கள்.
4. போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் தனித்தனியே செய்யுங்கள்.
5. மிக மோசமான நாளின் நேரத்தை வைத்தே இணைப்பு விமானத்தைத் திட்டமிடுங்கள்.

அட்டவணை நேரம் எதைச் சொல்கிறது

தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் தளங்கள் நிறைய இருக்க, இவ்வளவு கணக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அந்தத் தளங்களில் பல, தூரத்தை ஒரே நிலையான வேகத்தால் வகுத்துக் காட்டுபவை. அதனால் போக்குக்கும் வரவுக்கும் ஒரே எண்ணைத் தரும். நேரடி விமானமே இல்லாத ஊர்களுக்கும் 'பறக்கும் நேரம்' தரும். மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறியாக வேண்டும். ஆனாலும் பத்தரை மணி நேரம் என்று ஒரு எண்ணைத் திரை காட்டும். அந்த எண்ணை நம்பி, லண்டனில் மறுநாள் காலை வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர் உண்மையில் பதினைந்து, பதினெட்டு மணி நேரம் பயணம் செய்ய நேரும். நீங்களே போட்ட கணக்கு, திரையில் தெரியும் எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க உதவும்.

விமான நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள நேரம் வேறு வகை. அது நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச்சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலானது. பிளாக் நேரம் என்று துறையில் சொல்வார்கள். சக்கரம் தரையை விட்டு எழும்புவது முதல் தரையைத் தொடுவது வரையிலான நேரம் அதைவிடக் குறைவு. விமானி "நமது பறக்கும் நேரம் 3 மணி 40 நிமிடம்" என்று அறிவிக்கும்போது சீட்டில் நாலே கால் மணி என்று இருப்பது முரண்பாடல்ல. இரண்டும் இரண்டு வெவ்வேறு அளவுகள்.

அட்டவணையில் நிறுவனங்கள் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிப் போடுகின்றன, ஆகவே அதுவும் பொய்தானே என்பது இன்னொரு வாதம். கூட்டிப் போடுவது உண்மை. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. அந்தக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்க, நெரிசலுள்ள நிலையங்களுக்குச் சில நிமிடம் கூடுதலாக வைப்பது வழக்கம். அதனால் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கும் நாட்கள் வரும். ஆனால் திட்டமிடுபவருக்கு அந்தக் கூடுதல் நிமிடங்கள் பயன்தான். டெல்லியிலோ மும்பையிலோ மாலை நேரத்தில் விமானம் வானில் வட்டமடிக்கும் நாளில் அவை முழுவதும் செலவாகிவிடும். முன்னதாக இறங்கிய நாட்களை வைத்து அடுத்த வண்டியை நெருக்கமாகப் பதிவு செய்பவர்தான் சிக்கிக்கொள்வார்.

கடிகாரத்தைச் சரிசெய்தல்

பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இரண்டையும் நேராகக் கழிக்கக்கூடாது. நடுவில் உலகப் பொது நேரத்தைக் கொண்டுவந்தால் குழப்பம் தீரும்.

1. கிளம்பும் நேரத்தை 24 மணிக் கடிகாரத்தில் எழுதுங்கள். சென்னை 10.00.
2. அதை உலகப் பொது நேரமாக்குங்கள். இந்தியா 5.30 முன்னால் இருப்பதால் கழிக்க வேண்டும்: 4.30.
3. பிளாக் நேரத்தைக் கூட்டுங்கள். 4.30 + 4.15 = 8.45.
4. இறங்கும் ஊரின் வித்தியாசத்தைச் சேருங்கள். சிங்கப்பூருக்கு 8 மணி கூட்டினால் 16.45, துபாய்க்கு 4 மணி கூட்டினால் 12.45.
5. விடை 24-ஐத் தாண்டினால் தேதியை ஒன்று கூட்டுங்கள். சீட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருப்பது இதைத்தான் குறிக்கிறது.

பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா, கனடா போகிறவர்கள் கோடைக்கால நேரத்தைக் கவனிக்க வேண்டும். லண்டன் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணிதான் பின்னால். லண்டனில் பகல் 2 மணிக்குக் கிளம்பிப் பத்து மணி நேரம் பறக்கும் விமானம் ஜூலையில் மறுநாள் அதிகாலை 4.30-க்கும், ஜனவரியில் 5.30-க்கும் சென்னையில் இறங்கும். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளியே வழக்கத்தை மீறி நிற்கும். டொரன்டோவிலிருந்து லண்டன் வழியாகச் சென்னை வருபவர்கள் அந்த வாரங்களில் பழைய சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது.

எச்சரிக்கை, நள்ளிரவுச் சிக்கல்: சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. 15-ஆம் தேதி 00.30 என்று சீட்டில் இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். சீட்டு வந்ததுமே நாட்காட்டியில் '14 இரவு, வீட்டிலிருந்து' என்று எழுதிவையுங்கள்.

வாசல் முதல் வாசல் வரை

கடைசி எண்ணைப் பின்னாலிருந்து முன்னால் கணக்கிடுவதே பாதுகாப்பானது. போய்ச்சேர வேண்டிய நேரத்தில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்தையும் கழித்துக்கொண்டே வாருங்கள்.

1. போய்ச்சேர வேண்டிய நேரத்திலிருந்து, இறங்கிய ஊரில் நிலையத்திலிருந்து நகருக்கு ஆகும் நேரத்தைக் கழியுங்கள். கோலாலம்பூரின் பெரிய நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், செப்பாங்கில் இருக்கிறது. டோக்கியோவுக்கு ஹனேடாவா நரிடாவா என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரம் மாறும்.
2. குடியேற்றப் பரிசோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.
3. பிளாக் நேரத்தைக் கழித்து, மேலே சொன்னபடி கடிகாரத்தை மாற்றுங்கள்.
4. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம், உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்குமாறு கழியுங்கள். வெளிநாட்டு விமானங்களின் செக்-இன் கவுண்டர் பெரும்பாலும் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடும். சிலர் அதற்கும் முன்பே மூடுவார்கள்.
5. வீட்டிலிருந்து நிலையம் வரை, மழையையும் நெரிசலையும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகையில் ஜி.எஸ்.டி. சாலையை நம்பிக் குறைவான நேரம் போடாதீர்கள். மெட்ரோ ஓடும் நேரமென்றால் அதுவே நம்பகமானது.

நடுவில் விமானம் மாறுவதென்றால், ஒரே பயணச்சீட்டில் உள்ள இணைப்புக்கும் நீங்களே தனித்தனியாக வாங்கி ஒட்டிய இரண்டு சீட்டுகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரே சீட்டென்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனிச் சீட்டென்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். மேலும் தனிச் சீட்டில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்; அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம். விலை குறைவென்று தனிச் சீட்டு வாங்குவோர் நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரமாவது விட்டு, விசா விதியையும் இரண்டும் ஒரே நிலையம்தானா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்வது அவசியம். லண்டன், நியூயார்க், இஸ்தான்புல், பாங்காக், துபாய் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உண்டு.

உடலுக்கான கணக்கு

இங்கே ஊர்க் கடிகாரத்தை ஒதுக்கிவிட்டு, கழிந்த மணி நேரத்தை மட்டுமே எடுக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. ஆபத்து மொத்தத்தில் சிறியதே. ஆனால் சிங்கப்பூர், துபாய் பயணங்கள்கூட அந்த எல்லையைத் தொடுகின்றன. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள். கருவுற்றவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பே உறைவு வந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுவிட்டே சீட்டு வாங்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரையை 'இரவு 8 மணி' என்று நினைவில் வைத்திருப்பவர், சென்னையில் காலை 8 மணி வேளையைச் சாப்பிட்டுவிட்டு, டொரன்டோவில் அதே இரவு எட்டு மணிக்குக் காத்திருந்தால் இடைவெளி இருபது மணி நேரத்தைத் தாண்டிவிடும். கைபேசியில் ஊர் நேரத்தோடு மாறாத கவுண்ட்டவுன் அலாரம் வையுங்கள். அல்லது வேளைகளை உலகப் பொது நேரத்தில் ஒரு சீட்டில் எழுதி மாத்திரைப் பெட்டியில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கிழக்கே போகும்போது நாள் குறுகும், மேற்கே போகும்போது நாள் நீளும் என்பதைச் சொல்லி, பிளாக் நேரத்தையும் நேர வித்தியாசத்தையும் எழுதிக் காட்டி, அளவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில்தான் வைக்க வேண்டும், மருந்துச்சீட்டோடு. பவர் பேங்க்கும் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் அனுமதியில்லை.

நீண்ட பயணம் முடிந்து இறங்கிய அன்றே வாடகைக் கார் எடுத்து ஓட்டும் திட்டம் இருந்தால், இறங்கும் நேரம் சென்னைக் கடிகாரத்தில் எத்தனை மணி என்று முதலில் பாருங்கள். அது நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் வந்தால் ஓட்டுநர் உள்ள வண்டியை முன்பதிவு செய்துவிட்டு, உங்கள் காரை மறுநாளுக்கு எடுங்கள்.